சராசரியில் நேராகப் போகும் படகு

அந்தப் படகில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவருக்கு இடது துடுப்பு, இன்னொருவருக்கு வலது. இருவரும் ஒன்றாக வலித்தால் படகு நேராகப் போகும். ஒருவர் தாமதித்தால் அவர் பக்கமாகத் திரும்பும். கணினி விளையாட்டு என்று பெயரே தவிர, அதில் யாரையும் சுட வேண்டியதில்லை, ஜெயிக்க வேண்டியதில்லை. ஆறு போகும். கூடவே போகலாம்.

கண்ணாடிக்காரன் இடது துடுப்பு. அவன் அக்கா வலது. அவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்துத் தூரத்து எழுத்துகளைப் படிக்கச் சொல்கிற வேலை பார்த்தான். அக்கா கடல் தாண்டி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் அவளுக்கு ஒழியும். அந்த நேரத்தில் இருவரும் அவரவர் அறையில் இருந்தபடி படகில் ஏறுவார்கள்.

போனில் பேசலாமே என்று கேட்கலாம். அவர்களுக்குப் போனில் பேச வராது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்க மழையா என்று நன்றாகத்தான் ஆரம்பிக்கும். அதற்குள் அப்பா வந்துவிடுவார். அப்பா இறந்தபோது அவன் அக்காவுக்கு நேரத்தில் சொல்லவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு சில வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது. படகுதான் மறுபடி வாயைத் திறக்க வைத்தது. கையில் துடுப்பு இருந்தால் எதை வேண்டுமானாலும் பேச முடிந்தது. அப்பா எட்டிப் பார்த்தாலும், “பாறை, பாறை, அழுத்திப் போடு” என்று கடந்துவிடலாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது விளையாட்டை நடத்தும் நிறுவனம் அதற்கு ஒரு புதுப்பிப்பு அனுப்பியது. சேவையை மேம்படுத்துவதற்காக என்று போட்டிருந்தது. அடுத்த ஞாயிறு படகு திக்க ஆரம்பித்தது.

ஆறு ஓடும். நிற்கும். கரையிலிருந்து கிளம்பிய கொக்கு ஒன்று காலை மடக்கியபடி காற்றில் தொங்கும். பிறகு பார்த்தால் மரத்தில் உட்கார்ந்திருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த நடுவில்தான் அவன் துடுப்புப் போட வேண்டியிருந்தது.

“என்னடா பண்ற?”

“திக்குதுக்கா.”

“எனக்கு நல்லாத்தானே ஓடுது.”

“எனக்குத் திக்குது.”

படகு இடது பக்கமாக ஒரு சுற்று சுற்றியது. அடுத்த ஞாயிறும் சுற்றியது. அதற்கடுத்த ஞாயிறு அக்கா துடுப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

“வர இஷ்டமில்லன்னா சொல்லிடு. இப்படிச் சுத்த விடாத.”

“இஷ்டமில்லாமயா வந்து உக்காந்திருக்கேன்?”

“எனக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியத நேரத்துக்குச் சொல்ற பழக்கம் உனக்கு என்னைக்கு இருந்துச்சு?”

அப்பா படகில் ஏறிவிட்டார். அவள் இறங்கிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தான். கணினியை அணைத்துப் போட்டான். விளையாட்டை நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றினான். டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தான். பெட்டியைத் திறந்து தூசியை ஊதினான். மின்விசிறியைக் கணினிப் பக்கம் திருப்பிவிட்டுத் தான் வியர்வையில் உட்கார்ந்தான். கணினி குளிர்ந்தது. படகு திக்கியது. வேறு வழியில்லாமல் நிறுவனத்துக்குப் போன் செய்தான்.

“வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறை, வணக்கம். உங்கள் மகிழ்ச்சிக்கு என்ன காரணம்?”

“திக்குதுங்க.”

“யாருக்கு?”

“விளையாட்டுக்கு.”

“ஒரு தடவை அணைச்சுட்டுப் போட்டீங்களா சார்?”

“போட்டேன்.”

“யார் பார்த்தாங்க?”

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். “நான் தனியாத்தான் இருக்கேன்.”

“அப்ப அது செல்லாதுங்க. கணினியத் தூக்கிட்டு நேர்ல வாங்க. புகாரப் பதிஞ்சுட்டேன். பதிஞ்ச நிமிஷத்துலேருந்து விளையாட்டு உங்க வீட்டுல திறக்காது. தடயம் கலையக் கூடாது பாருங்க.”

“ஐயோ, ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வருவாங்க. அப்ப பதியாதீங்க.”

“ஞாயிற்றுக்கிழமையும் உங்களுக்கு மகிழ்ச்சியான நாளாக அமையட்டும்” என்றது குரல். வைத்துவிட்டது.

மகிழ்ச்சித் துறையின் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஆட்கள் கணினிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சிலர் மேலே துண்டு போர்த்தியிருந்தார்கள். தரைத்தளத்துக்கு மறுதொடக்க மண்டபம் என்று பெயர். அங்கே சாட்சி என்று ஒரு அதிகாரி. மக்கள் கணினியை அணைத்துப் போடுவதைப் பார்ப்பது அவர் வேலை. காலையிலிருந்து மாலை வரை பார்ப்பார்.

கண்ணாடிக்காரன் பொத்தானில் விரலை வைத்தான்.

“இருங்க, இருங்க” என்றார் சாட்சி. “யாரும் வற்புறுத்தலன்னு சொல்லுங்க.”

“யாரும் வற்புறுத்தல.”

“சொந்த விருப்பத்துல அணைக்கறேன்னு சொல்லுங்க.”

சொன்னான். அணைத்தான். சாட்சி மூச்சை அடக்கிக்கொண்டு இருட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். போட்டான்.

“இந்தக் கட்டடத்துல பாதிப் பிரச்சினை இங்கேயே முடிஞ்சுடும் சார்” என்றார்.

“சரியாயிடுமா?”

“சரியாகறது வேற டிபார்ட்மென்ட். இங்க முடிஞ்சுடும். நிறையப் பேர் தூக்கிட்டு வரும்போதே கீழ போட்டுடறாங்க.”

காத்திருக்கும் பெஞ்சில் பருமனான ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு ஒரு காற்றுத் தலையணை. எல்லோரும் அவரைக் கோல்கீப்பர் என்று கூப்பிட்டார்கள். அவருடைய கால்பந்து விளையாட்டில் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து நடுவில் உறைந்துவிடுவானாம்.

“நீங்க எந்த மாடி வரைக்கும் போயிருக்கீங்க?” என்று கேட்டான்.

“எல்லா மாடியும் பார்த்தாச்சு தம்பி. மறுபடி அணைச்சுப் போட்டுட்டு வரச் சொல்லிட்டாங்க.”

“விட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாமே?”

அவர் அவனை விசித்திரமாகப் பார்த்தார். “என் ஆளு அந்தரத்துல நிக்கறான். ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு. அவன அப்படியே விட்டுட்டா?”

முதல் மாடியில் சராசரிப் பிரிவு. அதன் அதிகாரிக்குப் பெரிய மேஜை. பின்னால் சுவரில் ஒரு எண் பலகை விடாமல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாரி கண்ணாடிக்காரனின் கணினியைத் தன் திரையோடு இணைத்துப் படகை ஓடவிட்டார். மூலையில் எண்கள் தெரிந்தன. நொடிக்கு நூற்றுப்பதினெட்டு படம். அடுத்த நொடி இரண்டு. பிறகு நூற்றுப்பதினெட்டு. பிறகு இரண்டு.

“ரெண்டையும் கூட்டுங்க” என்றார்.

“நூத்தி இருபது.”

“ரெண்டால வகுங்க.”

“அறுபது.”

“பெட்டி மேல நாங்க என்ன போட்டிருக்கோம்?”

“அறுபது.”

“வாங்கிட்டீங்க இல்ல?”

“சார், ஆனா அந்த ரெண்டு வர்ற நேரத்துல என்னால துடுப்ப…”

“அந்த நூத்திப்பதினெட்டு வர்ற நேரத்துல எங்களுக்கு ஒரு நன்றி சொன்னீங்களா சார்?”

கண்ணாடிக்காரன் யோசித்துப் பார்த்தான். சொல்லவில்லைதான்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ஜனங்களுக்குச் சராசரியா வாழத் தெரியல. அதான் பிரச்சினை. என் வீட்டம்மா ஒரு நாள் பேசுவா, வாரம் பூரா பேச மாட்டா. பேசற அன்னைக்கு அவ பேசறத எல்லா நாளுக்கும் பிரிச்சுப் போட்டுப் பாருங்க, நாங்க அன்யோன்யமான தம்பதி. நான் எங்கயாவது போய்ப் புகார் குடுத்தேனா?”

“இல்ல சார்.”

“அலட்சியமா இருக்கோம்னு நினைச்சுடாதீங்க.” பின்னால் ஏறிக்கொண்டிருந்த பலகையைக் காட்டினார். “எங்களுக்குத் தெரியாம ஒரு திக்கல் நடக்காது. போன புதுப்பிப்புல திக்கல் எண்ணின்னு ஒண்ண விளையாட்டுக்குள்ளயே வெச்சுட்டோம். படம் ஒரு துளி தடுமாறினாப் போதும். விளையாட்டு உடனே எல்லாத்தையும் நிறுத்திட்டு, அதக் குறிச்சு, எங்களுக்கு அனுப்பிட்டுத்தான் மறுவேலை.”

“நிறுத்திட்டா?”

“நின்னுதானே சார் எழுத முடியும்?”

“அப்படி நிக்கறதும் ஒரு திக்கல்தானே? அதையும் குறிக்குமா?”

“ஒண்ணு விடாது” என்றார் பெருமையாக.

“சார், அப்ப அத எடுத்துட்டா…”

“எடுத்துட்டா, திக்கறது நின்னுச்சா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

அதிகாரி அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “கண் டெஸ்ட் பண்ணீங்களா?” என்று கேட்டார்.

“நான் பண்றதே அந்த வேலைதான் சார்.”

“அப்ப உங்க கண்ணுக்கு நீங்களே சான்று குடுத்துக்க முடியாது. வேற கடையில வாங்கிட்டு வாங்க.”

எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தான். அங்கேயும் அதே எழுத்துப் பலகை. கேட்பதற்கு முன்பே மேலிருந்து கீழ்வரை ஒப்பித்துவிட்டான். எதிர்க்கடைக்காரர் பலகையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். அதையும் படித்தான். “கண்ணு நல்லாருக்கு. வேற எங்கயோதான் கோளாறு” என்று எழுதிக் கொடுத்தார். சராசரி அதிகாரி அதைப் படித்துவிட்டு, “நானும் அதத்தான் சொன்னேன்” என்று இரண்டாவது மாடிக்கு அனுப்பிவைத்தார்.

இரண்டாவது மாடி குறைப்புப் பிரிவு. அதற்கு அதிகாரி ஒரு அம்மா. மென்மையாகப் பேசுவார். அவர் மேஜையில் எதுவும் இல்லை. சுவரில் எதுவும் இல்லை. ஒரு டம்ளர் இருந்தது, அதில் தண்ணீர் இல்லை.

“முதல்ல நிழல எடுத்துடலாம் சார். நிழல் யாருக்கு வேணும்?”

நிழல் போனது. திக்கியது.

“இலை?”

மரங்கள் மொட்டையாக நின்றன. திக்கியது. மரங்கள் போயின. கரை போயிற்று. கொக்கு போயிற்று.

“தண்ணிதான் சார் ரொம்பப் பாரம்” என்றார். ஆறு போயிற்று. சாம்பல் நிறப் பலகை ஒன்றின் மேல் படகு நின்றது. வலது பக்கம், அக்காவின் உருவம் ஓலைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தது. அவள் இல்லாத நேரத்திலும் அந்த உருவம் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

அம்மா அதை விரலால் தொட்டார். “இவங்க யாரு?”

“அக்கா.”

“அவசியமா?”

அவனுக்குக் கேள்வி புரியவில்லை.

“தொப்பியில மட்டும் எவ்வளவு ஓலை பாருங்க.”

“தொப்பியக் கழட்டச் சொல்றேங்க.”

“தொப்பி இல்ல சார், ஆள்தான். எங்கயோ இருந்து இவங்க துடுப்ப அசைக்கறத ஒவ்வொரு தடவையும் நாங்க உங்களுக்குக் கொண்டுவந்து காட்டணும். எவ்வளவு வேலை! சும்மா எடுத்துப் பார்ப்போமே, பரீட்சார்த்தமா.”

எடுத்தார். படகில் கண்ணாடிக்காரன் மட்டும் இருந்தான். இடது துடுப்பைப் போட்டான். திக்கவில்லை. மறுபடி போட்டான். படகு வலது பக்கமாகச் சுற்றியது. ஒரு பிசிறு இல்லாமல் சுற்றியது. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து கைதட்டினார்கள்.

“பார்த்தீங்களா? வெண்ணெய் மாதிரி.”

“சுத்துதுங்க.”

“வெண்ணெய் மாதிரி சுத்துது சார்.” அம்மா அவனைப் பரிவோடு பார்த்தார். “எல்லாருக்கும் நான் சொல்றதுதான். கூட ஒருத்தர் இருந்தா திக்கத்தான் செய்யும். தனியா இருந்து பாருங்க, எவ்வளவு சீரா ஓடும்! எனக்கெல்லாம் அப்படித்தான் ஓடுது.” பிறகு டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி, மேஜையின் சரியான நடுவில் வைத்தார்.

வெளியே போகும் வாசலில் ஒரு காவலாளி இருந்தார், இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் தீர்ந்தது என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் தொடர்கிறது.

“தீர்ந்ததுன்னு அமுக்கினா என்ன ஆகும்?”

“கதவு திறக்கும். மேல என்ன செஞ்சு குடுத்தாங்களோ அது நிரந்தரமாயிடும்.”

“அக்கா?”

“எடுத்தது எடுத்ததுதாங்க.”

“தொடர்கிறதுன்னா?”

“கதவு திறக்காது. சாயந்தரம் ஆபீஸ் மூடறப்ப ஆளுங்களத் தனியா வெளிய விடுவோம். கணினி எங்ககிட்டதான் இருக்கும். விசாரணைக்கு முத்திரை போட்ட அழைப்பு வீட்டுக்கு வரும்.”

“புகாரே வேண்டாம், திருப்பி வாங்கிக்கறேன்னா?”

“அதுக்கும் ஒரு பொத்தான் இருந்துச்சு” என்றார் காவலாளி. “எல்லாரும் அதையே அமுக்கினாங்க. எடுத்துட்டாங்க.”

கண்ணாடிக்காரன் தொடர்கிறதை அமுக்கினான். திரும்பிப் போய் கோல்கீப்பர் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் கேள்வி கேட்காமல் தலையணையில் பாதியை அவன் பக்கம் தள்ளினார்.

அழைப்பு வந்தது. பழுப்பு உறையில் சிவப்பு முத்திரை, கீழே படிக்க முடியாத கையெழுத்து. கடை முதலாளி அதைப் பார்த்ததும் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். “போய்ட்டு வாப்பா, போய்ட்டு வா. எதுல மாட்டிக்கிட்டன்னு நான் கேக்க மாட்டேன்” என்றார். போனான். அணைத்துப் போட்டான். சராசரி பார்த்தார்கள். குறைப்புப் பிரிவு அம்மா மறுபடி அக்காவை எடுக்கலாமா என்று கேட்டார். தொடர்கிறதை அமுக்கினான். இன்னொரு அழைப்பு வந்தது. இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமைகள் கடந்துபோயின.

கடைசியில் துணிந்து அக்காவுக்குப் போன் செய்தான்.

“வெறும் படகுல உக்காந்து பார்த்துட்டு எழுந்து போறேன்” என்றாள் அவள். “இப்ப என்ன சொல்லப் போற?”

நடந்ததைச் சொன்னான்.

“என்னய எடுக்கணும்னா சொன்னாங்க?”

“ஆமா.”

“நீ என்ன சொன்ன?”

“தொடர்கிறதுன்னு அமுக்கினேன்.”

அந்தப் பக்கம் ஒரு டிராலி உருண்டு போகிற சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

“சரியானாலும் இனிமே பிரயோஜனமில்லடா” என்றாள். “அடுத்த மாசத்துலேருந்து ஞாயித்துக்கிழமையும் டூட்டி போட்டுட்டாங்க. லீவு கேட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க. தம்பியோட படகு விடணும்னா சொல்றது?”

அவன் பேசாமல் இருந்தான். அவனுக்கு அது நன்றாக வரும்.

“உன் கடையில எப்படி லீவு குடுக்கறாங்க?”

“முத்திரை போட்டு விசாரணைன்னு அனுப்பறாங்கல்ல. அதப் பார்த்தா எந்த முதலாளியும் வாயத் திறக்க மாட்டான்.”

“முத்திரையா?”

“சிவப்புல.”

மறுபடி டிராலிச் சத்தம். பிறகு அக்கா, “இங்கயும் அவங்க ஆபீஸ் ஒண்ணு இருக்கு. பஸ்ல போறப்ப பார்த்திருக்கேன்” என்றாள்.

“அதுக்கு?”

“உன் மேல புகார் குடுக்கப் போறேன்.”

போனை வைத்தபிறகுதான் அவன் கவனித்தான். அப்பா வரவேயில்லை.

வலது துடுப்பின் புகார் வந்ததும் மகிழ்ச்சித் துறை மகிழ்ந்தது. ஒரே படகிலிருந்து இரண்டு புகார்கள் இதுவரை வந்ததில்லை. இடது துடுப்பை நம்ப முடியவில்லை என்று அக்கா எழுதியிருந்தாள். உடனே கூட்டு விசாரணைக்கு உத்தரவானது. சம்பவம் நடந்த கிழமையில், நடந்த வேளையில், அப்போது ஆறும் கரையும் எப்படி இருந்தனவோ அப்படியே வைத்துச் சம்பவத்தை நடத்திப் பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆகவே ஞாயிறு மாலை. இரண்டு நாட்டுக்கும் முத்திரை போட்ட உறைகள் போயின. அக்காவின் மேலதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டாராம்.

மூன்றாவது மாடியில் விசாரணை அறை. அறைக்குச் சன்னல் கிடையாது. சராசரி அதிகாரி நடுவில் உட்கார்ந்தார். குறைப்புப் பிரிவு அம்மா நிபுணராகப் பக்கத்தில். ஆறு திரும்ப வந்தது. மரம், நிழல், கொக்கு எல்லாம் வந்தன. வலது பக்கம் ஓலைத் தொப்பி அசைந்தது.

“எதிர்த்துடுப்பு ஆஜரா?”

“ஆஜர்” என்றது ஒலிபெருக்கி. “எப்படிடா இருக்க? இளைச்சிட்டியா?”

“சொந்த விஷயம் கூடாது” என்றார் அதிகாரி.

“இது சொந்தம் இல்ல சார். இடது பக்கம் கனம் குறைஞ்சா படகு சாயும்.”

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். துடுப்புப் போட உத்தரவிட்டார். போட்டார்கள். திக்கியது. அங்கேயும் சுவர்ப் பலகையில் எண் ஏறியது. படகு இடது பக்கம் சுற்ற ஆரம்பித்தது. எத்தனை சுற்று என்று தெரியாது.

பிறகு அக்கா கேட்டாள். “அன்னைக்கு ஏண்டா சொல்லல?”

“என்னைக்கு?” என்றார் அதிகாரி. “தேதி சொல்லுங்கம்மா.”

கொக்கு காலை மடக்கிக்கொண்டு காற்றில் தொங்கியது.

“போன எடுத்தேன்” என்றான் கண்ணாடிக்காரன். “உன் பேர் வரைக்கும் போனேன்.”

“அப்புறம்?”

“உனக்குச் சொல்லிட்டா அது நிஜமாயிடும்னு தோணுச்சு. காலையில சொல்லலாம்னு வெச்சேன். காலையில எழுந்து, மத்தியானம் சொல்லலாம்னு வெச்சேன். அப்படியே நின்னுட்டேன்க்கா.”

“நின்னது எந்த செட்டிங்ல சார்?” என்று அம்மா மெதுவாகக் கேட்டார். பென்சில் தயாராக இருந்தது.

கொக்கு மரத்துக்குப் போயிருந்தது. ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் வந்தது. இரைச்சலாக இருக்குமோ என்று அதிகாரி திருகைத் திருகிப் பார்த்தார்.

“சரி” என்றாள் அக்கா. “துடுப்பப் போடு.”

போட்டான். தாமதமாக விழுந்தது. படகு சுற்றியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, போதிய அளவு திக்கல் திரட்டப்படவில்லை என்று விசாரணையை அடுத்த ஞாயிற்றுக்கு ஒத்திவைத்தார்.

அதற்கடுத்த ஞாயிறும் ஒத்திவைத்தார். கண்ணாடிக்காரனின் நாட்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தன. வாரம் முழுக்க எழுத்துப் பலகை. ஞாயிறு காலையில் மறுதொடக்க மண்டபம், சாட்சி, சொந்த விருப்பம். மாலையில் சன்னல் இல்லாத அறை. வீட்டில் மேஜை மேல் கணினி இருந்த இடம் சதுரமாகத் தெரிந்தது. அதன் மேல் எதையும் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. வாசலில் காவலாளி கேட்பதற்கு முன்பே தொடர்கிறதை அமுக்கிவிடுவான். “இன்னும் தீரலயா?” என்று கோல்கீப்பர் கேட்பார். “இல்ல” என்பான். “அப்ப நல்லது” என்பார் அவர்.

படகில் அவர்கள் சுற்றிக்கொண்டே பேசினார்கள். அக்காவின் முழங்கால் வலி. அவளுடைய வார்டில் இருந்த ஒரு கிழவர் தினமும் அவளைத் தன் மகள் என்று நினைத்துத் திட்டுவது. அப்பா குளிக்கும்போது பாடிய, வார்த்தையே இல்லாத பாட்டு. அவர் பாடியது பாட்டே இல்லை, வெந்நீர் சூடு தாங்காமல் போட்ட சத்தம் என்றாள் அக்கா. அவன் சிரித்தான். சிரிப்பு எந்தப் பிரிவில் வரும் என்று அதிகாரிகளுக்குள் சர்ச்சை வந்தது. ஒத்திவைத்தார்கள்.

அப்போதுதான் தலைமை இயக்குநர் பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது.

கட்டடம் அலறியடித்துக்கொண்டு எழுந்தது. தரை துடைத்தார்கள். கோல்கீப்பரைச் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இயக்குநர் பார்க்கப்போவது துறையின் பெருமைக்குரிய கூட்டு விசாரணையை. அவர் எதிரில் சுவர்ப் பலகையில் எண் ஏறினால் நன்றாகவா இருக்கும்? சராசரி அதிகாரி வியர்த்துப்போய் யோசித்துவிட்டு, திக்கல் எண்ணியை இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அணைத்து வைக்கும்படி உத்தரவு போட்டார். “திக்கட்டும். எண்ண வேண்டாம்” என்றார்.

இயக்குநர் வந்தார். ஏழெட்டுப் பேர் பின்னால் வந்தார்கள். அவருக்கு நடு நாற்காலி கொடுத்துவிட்டு, சராசரி அதிகாரி சுவரோரம் போய் நின்றார்.

“துடுப்பு” என்றார் இயக்குநர்.

கண்ணாடிக்காரன் வலித்தான். துடுப்பு தண்ணீரில் போய் விழுந்து வெளியே வந்தது. மறுபடி வலித்தான். அதுவும் நேரத்தில் விழுந்தது. கொக்கு கரையிலிருந்து கிளம்பி, சிறகை ஒவ்வொரு அடியாக அடித்து, மரத்தில் போய் உட்கார்ந்தது. நடுவில் நடந்தது எல்லாம் தெரிந்தது.

படகு நேராகப் போயிற்று.

இத்தனை மாதமும் சுற்றிக்கொண்டிருந்த இடத்தைத் தாண்டி ஒரு திருப்பம் இருந்தது. அதைத் தாண்டி ஆறு அகலமாகி வெயிலில் கிடந்தது. அங்கே வரை அவர்கள் போனதே இல்லை. இரண்டு துடுப்பும் ஒரே சத்தமாகக் கேட்டன.

இயக்குநர் எழுந்தார். “ஒரு பிரச்சினையை எப்படித் தீர்ப்பது என்று நம் துறை மறுபடியும் உலகுக்குக் காட்டியிருக்கிறது” என்றார். “எந்தக் கருவியையும் மாற்றவில்லை. எந்தக் கோளாறையும் தேடவில்லை. பொறுமையாக உட்கார்ந்து விசாரித்தோம். பிரச்சினை வெட்கப்பட்டுத் தானே போய்விட்டது. இந்த விசாரணை இன்றோடு முடிகிறது. இருவரும் அவரவர் வீட்டிலேயே விளையாடிக்கொள்ளலாம். இனி உங்களுக்கு எந்த அழைப்பும் வராது.”

பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். சராசரி அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மட்டும், எதை எடுத்ததால் சரியாயிற்று என்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரனுக்கு அழைப்பு வராது என்பது மட்டும் கேட்டது. அழைப்பு இல்லை என்றால் முத்திரை இல்லை. முத்திரை இல்லை என்றால் அக்காவுக்கு ஞாயிறு இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. இயக்குநர் பேனாவைத் திறந்து, தீர்ந்தது என்று எழுதிய இடத்துக்குக் கொண்டுபோனார்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

“சார்” என்றாள் அக்கா. “இப்ப எனக்குத் திக்குது.”

பேனா நின்றது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். வலது துடுப்பு தண்ணீருக்கு மேலே, சொட்டச் சொட்ட, அசையாமல் நின்றிருந்தது. கண்ணாடிக்காரன் இடது துடுப்பை அழுத்தி வலித்தான்.

படகு வலது பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது.